நூல்வழிக் கணனி மொழி பயிலல்: ஒரு நோக்கு

கணனி மொழியொன்றை ஆசிரியரின் துணையின்றி நூல்வழியே பயிலுதல் கூடுமா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குமிடத்துக் கல்வியியலாளர் மட்டும் ஆராயவேண்டிய ஒன்றாகவே தோன்றும். ஆயின் ஆசிரியர் எவருக்கு வாய்க்கின்றார், எவருக்கு வாய்ப்பதில்லை, நூல் எம்மொழியில் உள்ளது, அதன் விலையைக் கொடுக்கவல்லவர் யாவர் என்று கேட்கத் தொடங்கியதும் அது சமூகவியல் வினாவாகவும் ஆகிவிடுகின்றது. வைத்தியம், சட்டம் முதலான துறைகளில் நூலறிவை மட்டும் கொண்டு ஒருவர் தொழில் புரிதல் இயலாது. செய்நிரலாக்கத்தில் அத்தகைய தடை எதுவும் இல்லை. நூலைப் படித்துத் தாமாகவே தேர்ச்சி பெற்ற ஒருவர் எழுதும் செய்நிரலையும், பெயர்பெற்ற பல்கலைக்கழகமொன்றின் பட்டதாரி எழுதும் செய்நிரலையும் கணனி வேறுபாடின்றியே ஏற்கும், அல்லது மறுக்கும். எல்லோருக்கும் திறந்த கதவு இது எனப் பலர் இத்துறையைப் போற்றுவது இதனாலேயாம். அக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை, இத்துறையிற் பெரும் புகழ் ஈட்டிய நூலொன்றை முன்னிறுத்தி நோக்குவோம்.

அந்நூல், பிரையன் கேர்னிகன், டெனிஸ் றிச்சி ஆகிய இருவரும் இணைந்து எழுதிய 'த சி புரோகிராமிங் லாங்குவேஜ்' என்பதாகும். 1978இல் முதற் பதிப்பும் 1988இல் இரண்டாம் பதிப்பும் வெளிவந்தன. ஆசிரியர் இருவரும் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலிருந்த பெல் ஆய்வுகூடத்தில் அக்காலத்தே பணியாற்றியவர்கள். சி மொழியை ஆக்கியவர் றிச்சி. அதனைப் பிறருக்கு விளக்கும் பணியில் முந்தி நின்றவர் கேர்னிகன். ஆய்வுகூடத்தின் உட்பாவனைக்கென அம்மொழிக்கு ஒரு சிறு பயிற்சிக் கையேட்டை 1974இலேயே அவர் எழுதியிருந்தார். முதற் பதிப்பு 228 பக்கங்களே கொண்டது. சி ஒரு சிறிய மொழி, அதற்குப் பெரியதொரு நூல் தகாது என்பது அவர்களது துணிபு. இன்று புத்தகக் கடைகளில் 800, 1,000 பக்கங்களில் அடுக்கப்பட்டிருக்கும் கணனி நூல்களை நோக்குமிடத்து, இத்துணிபு எவ்வளவு அரியது என்பது புலனாகும்.

இந்நூலின் முன்னுரையில் நாம் ஊன்றி நோக்கவேண்டிய செய்தியொன்று உண்டு. இது செய்நிரலாக்கத்துக்கான தொடக்க நூலன்று எனவும், மாறி, மதிப்பளித்தல், சுழற்சி, சார்பு முதலிய அடிப்படைக் கருத்துக்கள் வாசகருக்கு ஓரளவு பழக்கமானவை எனத் தாம் கொண்டதாகவும் ஆசிரியர்கள் கூறுகின்றனர். புதிதாகப் பயில்பவரும் தொடர்ந்து படித்து மொழியைக் கற்கலாம், ஆயினும் தம்மினும் அறிந்த சக ஊழியர் ஒருவர் அருகிருப்பின் அது உதவியாகும் என்றும் அவர்கள் சேர்த்துக்கொள்கின்றனர். அடுத்து, நூலின் முதலாம் அத்தியாயத்தில், உலகுக்கு வணக்கம் கூறும் அப்பிரசித்தி பெற்ற சிறு செய்நிரலைத் தந்துவிட்டு, அதனை இயக்கும் முறை கணனிக்குக் கணனி வேறுபடும் என்கின்றனர். யுனிக்ஸ் முறைமையில் அதனை எவ்வாறு இயக்குவதென இரண்டொரு வரிகளில் விளக்குகின்றனர். ஏனைய முறைமைகளில் இயக்குவோர் தம்மிடத்திலுள்ள விடயமறிந்த ஒருவரைக் கேட்டறிக என்று கூறி அப்பாற் செல்கின்றனர்.

நேர்மையான கூற்றுக்கள்தாம். பெல் ஆய்வுகூடத்தின் நடைவழிகளிலே அறிந்த சக ஊழியர் அடுத்த அறையில் இருந்தார். சில வேளைகளில் அவர் டெனிஸ் றிச்சியாகவே இருந்தார். ஆனால் முல்லைத்தீவிலோ, மலையகத்துத் தோட்டமொன்றிலோ, படுவான்கரைக் கிராமமொன்றிலோ அந்நூலின் போட்டோப் பிரதியொன்றைக் கையில் வைத்திருக்கும் மாணவிக்கு அந்த அடுத்த அறை எங்கே உள்ளது? எல்லோருக்கும் திறந்த கதவு எனப்படுவதன் படிக்கட்டு இங்கேதான் மறைக்கப்பட்டுள்ளது. நூல் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். நூல் சொல்லாது விட்டதைச் சொல்லும் மனிதர் பொதுவானவர் அல்லர். அவர் வர்க்கத்தாலும் இடத்தாலும் மொழியாலும் பங்கிடப்பட்டுள்ளார்.

அந்த அறிந்த நண்பர் உண்மையில் செய்யும் பணி யாது? அதனைத் தெளிவாக வரையறுத்துக்கொண்டால், நூலொன்று அப்பணியில் எவ்வளவைத் தானே ஏற்கலாம் என்பதும், வாசகர் தாமே எவ்வளவை நிறைவேற்றிக்கொள்ளலாம் என்பதும் விளங்கும். கேர்னிகன், றிச்சி நூலிலிருந்தே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம்.

நூலின் இரண்டாவது செய்நிரல், பரனைற் அளவிலுள்ள வெப்பநிலைகளைச் செல்சியஸ் அளவுக்கு மாற்றி அட்டவணையாகத் தருவது. 0 தொடக்கம் 300 வரை, 20 பாகைகள் இடைவெளியில் அது அமையும். (எம்மவர்க்குப் பரனைற் அளவு காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியோடு மட்டும் எஞ்சி நிற்பது, அமெரிக்க வாசகருக்கோ அது அன்றாட வழக்கு. உதாரணங்களுக்கும் ஊர் உண்டு.) பரனைற் அளவிலிருந்து 32ஐக் கழித்து, வருவதை ஒன்பதில் ஐந்தாற் பெருக்கவேண்டும் என்பது பாடசாலையிலேயே அறிந்த சூத்திரம். இரண்டாம் பதிப்பில் இச்செய்நிரல் முதலில் நிறைவெண்களைக் கொண்டே எழுதப்படுகின்றது. அங்கே ஆசிரியர்கள் முதலில் 5ஆற் பெருக்கிப் பின்னர் 9ஆல் வகுக்கின்றனர். சூத்திரத்தில் உள்ளவாறே 5ஐ 9ஆல் முதலில் வகுத்துவிட்டால் என்ன நிகழும்? சி மொழியில் நிறைவெண்ணை நிறைவெண்ணால் வகுக்கும்போது பின்னப் பகுதி வெட்டி நீக்கப்படும். எனவே 5ஐ 9ஆல் வகுக்க விடை 0. சுழியத்தால் எதனைப் பெருக்கினும் சுழியமே. அட்டவணையின் வலப்பக்க நிரல் முழுவதும் 0, 0, 0 என நிறைந்துவிடும்.

இவ்விடத்தில் நாம் கவனிக்கவேண்டியது, தொகுப்பி எவ்வித வழுச்செய்தியும் தராது என்பதே. இலக்கணம் சரி, பொருள்தான் பிழை. ஆசிரியர்கள் இதனை இரண்டொரு வாக்கியங்களில் விளக்கியுள்ளனர். ஆயின் நூலை நாவல் போற் படித்துச் செல்பவர் அவ்வாக்கியங்களைக் கடந்து போய்விடுவார். மூன்று மாதங்களுக்குப் பின்னர், தமது சொந்தச் செய்நிரலில் சராசரி காணப் புகுந்து சுழியத்தைப் பெற்று மலைத்து நிற்பார். அதே செய்நிரலை வேண்டுமென்றே குலைத்து, 5ஐ 9ஆல் முதலில் வகுத்துப் பார்த்தவரோ அதனை மறக்கமாட்டார். சரியாக எழுதிய செய்நிரலும் 0 பாகை பரனைற்றுக்கு -17 என்றே காட்டும். மெய்யான விடை ஏறத்தாழ -17.8. வெட்டி நீக்குதல் என்பதன் பொருளை இவ்வொரு வரியே காட்டிவிடும்.

நூலின் முதலாவது பயிற்சியே இவ்வகையினது என்பது பலரால் கவனிக்கப்படுவதில்லை. வணக்கம் கூறும் செய்நிரலை இயக்குக. பின்னர் அதன் பகுதிகளை ஒவ்வொன்றாக நீக்கி, என்னென்ன வழுச்செய்திகள் வருகின்றன எனப் பரிசோதிக்க என்பதே அப்பயிற்சி. மிக எளிதாகத் தோன்றுவதால் பெரும்பாலோர் அதனைச் செய்யாது விடுவர். எமது கருத்தில், தனித்துப் பயில்பவருக்கு நூல் முழுவதிலும் இதனினும் பயனுள்ள பயிற்சி வேறில்லை. அரைப்புள்ளி ஒன்று விடுபட்டால் தொகுப்பி என்ன கூறும், எவ்வரியைச் சுட்டும் (சில தொகுப்பிகள் அடுத்த வரியைச் சுட்டும்) என்பதை அமைதியான வேளையிலே, தாமே உண்டாக்கிய பிழையிலே கண்டறிந்தவர், பின்னர் அதே செய்தி எதிர்பாராது தோன்றும்போது கலங்கமாட்டார். அறிந்த நண்பர் செய்யும் பணியிற் பாதி, வழுச்செய்திகளுக்குப் பொருள் கூறுவதே.

மறுபாதி இதனினும் ஆழமானது. கணனி தன்னுள்ளே என்ன செய்கின்றது என்பது பற்றிப் பயில்பவர் மனத்தில் தவறான படமொன்று இருக்குமாயின், அதனைக் கண்டறிந்து திருத்துவது அப்பணியாகும். 1986இல் பெனடிக்ற் டு பூலே என்னும் பிரித்தானிய ஆய்வாளர், செய்நிரலாக்கம் பயில்வோர் எதிர்கொள்ளும் இடர்பாடுகள் பற்றி எழுதிய கட்டுரையில் இதனை விரிவாக ஆராய்ந்தார். மொழியைப் பயில்பவர், அம்மொழியினால் இயக்கப்படும் கற்பிதமான இயந்திரமொன்றையும் சேர்த்தே மனத்தில் உருவாக்கிக்கொள்ள வேண்டியவராகின்றார் என்பது அவர் காட்டிய முக்கியமான உண்மை. நூல்கள் மொழியை விளக்குகின்றன. இயந்திரத்தை வாசகரின் ஊகத்துக்கே விட்டுவிடுகின்றன.

சமக் குறியையே எடுத்துக்கொள்வோம். கணிதத்தில் 'ச = ச + 1' என்பது அபத்தம்; எவ்வெண்ணும் தன்னிலும் ஒன்று கூடிய எண்ணுக்குச் சமமாகாது. சி மொழியிலோ இது மிகச் சாதாரணமான கூற்று. வலப்பக்கத்தைக் கணித்து, அவ்விடையை இடப்பக்கத்துப் பெயருக்குரிய இடத்தில் வை என்பதே அதன் பொருள். கட்டளையைச் சமன்பாட்டின் உடையில் நிறுத்தியதால் விளைந்த குழப்பம் இது. 1964இல் டாட்மவுத் கல்லூரியிற் பேசிக் மொழியை ஆக்கிய ஜோன் கெமனியும் தோமஸ் கேர்ட்சும், இத்தகைய கூற்றின் முன் 'லெற்' என்னும் சொல்லை இட்டனர். 'ஆகுக' என்னும் பொருள் அதனாற் கிடைத்தது. நிக்கலாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில், அல்கோல் மரபைப் பின்பற்றி, சமக் குறிக்கு முன் முக்காற்புள்ளி இடப்பட்டு இது வேறொரு குறி என்பது காட்டப்பட்டது. சி மொழி, மதிப்பளித்தலுக்குத் தனிச் சமக் குறியையும் ஒப்பிடுதலுக்கு இரட்டைச் சமக் குறியையும் கொண்டது. மதிப்பளித்தலே செய்நிரல்களில் அடிக்கடி வருவது, ஆதலால் அதற்குச் சிறிய குறி என்பது இதற்கான நியாயம். தட்டச்சுச் செய்யும் வல்லுநருக்கு இச்சிக்கனம் ஆதாயம். தொடக்க நிலையாளருக்கோ பொறி. ஒப்பிடவேண்டிய இடத்தில் தனிக் குறியை இட்டாலும் செய்நிரல் இலக்கணப்படி பிழையற்றதாகவே இருக்கும். மொழியொன்றை அமைப்போர் எவரை மனத்திற்கொண்டு அமைத்தனர் என்பது இத்தகைய சிறு குறிகளிலேயே வெளிப்படுகின்றது.

'அ' என்பதில் 5ஐ வைத்து, 'ஆ = அ' என எழுதி, பின்னர் 'அ' என்பதை 7 ஆக்கினால் 'ஆ' எவ்வளவு? கணிதம் நன்கு பயின்ற மாணவரே 7 என்று கூறுவதுண்டு. இரண்டும் சமம் என்று முன்னரே கூறிவிட்டோமே என்பது அவர் வாதம். விடை 5. இரு மாறிகளின் மதிப்புக்களை இடம்மாற்ற மூன்றாவது மாறி ஏன் வேண்டும் என்பதும் இதனைப் புரிந்துகொண்ட பின்னரே விளங்கும். இவ்விடர்ப்பாட்டுக்கு மருந்து மிகப் பழையது: ஒரு தாளும் பென்சிலும். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல் வரைந்து, செய்நிரலின் ஒவ்வொரு வரியையும் தாமே கணனியாக நின்று நிறைவேற்றி, மாறும் மதிப்பை வெட்டி எழுதிச் செல்லவேண்டும். கணனியிடம் கொடுக்கும் முன்னரே விடை இன்னதென எழுதி வைத்துக்கொண்டு, பின்னர் இயக்கி ஒப்பிடுபவருக்குக் கணனியே ஆசிரியராகிவிடும். விடையை முன்கூட்டி எழுதாது இயக்கிப் பார்ப்பவருக்கு அது வெறும் வேடிக்கையே.

ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளோருக்கு இவ்விடயத்தில் இடர் இல்லையென எண்ணிவிடுதல் கூடாது. 1985இல் ஜெப்றி பொனர், எலியட் சொலவே ஆகிய அமெரிக்க ஆய்வாளர், அன்றாட ஆங்கில அறிவே தொடக்க நிலையாளரைப் பிழையில் வீழ்த்துவதைக் காட்டினர். 'வைல்' என்னும் ஆங்கிலச் சொல்லை அவர்கள் எடுத்துக்காட்டினர். நிபந்தனையொன்று மெய்யாக இருக்கும் வரை ஒரு தொகுதிக் கட்டளைகளை மீள மீளச் செய் என்பது செய்நிரலில் அதன் பொருள். கூட்டுத்தொகை 100இலும் குறைவாக இருக்கும் வரை, ஓர் எண்ணை வாசி, கூட்டு, கூட்டுத்தொகையை அச்சிடு எனக் கட்டளை அமைந்துள்ளது எனக் கொள்வோம். கூட்டுத்தொகை 95 ஆக இருக்கையில் 10 வருகின்றது. தொகை 105 ஆகின்றது. இப்பொழுது 105 அச்சிடப்படுமா? அன்றாட ஆங்கிலத்தில் அச்சொல் இடையறாத கண்காணிப்பை உணர்த்துவதால், தொகை 100ஐக் கடந்த அக்கணமே சுழற்சி நின்றுவிடும் எனப் பலர் கருதினர். உண்மையில் நிபந்தனை சுழற்சியின் தலைவாயிலில் மட்டுமே சோதிக்கப்படும். 105 அச்சிடப்பட்ட பின்னரே சுழற்சி முடியும். இச்சொல்லை வெறுங் குறியாகவே முதன்முதல் எதிர்கொள்ளும் தமிழ் மாணவர், அதன் பொருளை நூலிலிருந்து மட்டுமே பெறுவதால், இவ்வோர் இடத்திலேனும் பின்தங்கியவரல்லர்.

நூலின் பயிற்சிகளைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். முதலாம் அத்தியாயத்தின் நடுவில், உள்ளீட்டிலுள்ள எழுத்துக்களையும் வரிகளையும் எண்ணும் செய்நிரல்களின் பின்னர், பயிற்சியொன்று வருகின்றது. உள்ளீட்டை அவ்வாறே வெளியீட்டுக்குப் பிரதி செய்க. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட வெற்றிடங்கள் தொடர்ந்து வருமிடத்து அவற்றை ஒரே வெற்றிடமாக்குக என்பது அதன் சாரம். முயன்று பார்ப்பவர் விரைவிலேயே ஓர் உண்மையை உணர்வார். இப்போது கையிலுள்ள எழுத்து வெற்றிடமா என்று அறிவது போதாது. இதற்கு முன் வந்ததும் வெற்றிடமா என்பதை நினைவில் வைத்திருக்கவேண்டும். அந்நினைவை வைக்க ஒரு மாறி வேண்டும். எண்ணிக்கையை அன்றி, 'நாம் இப்போது எந்நிலையில் உள்ளோம்' என்பதைக் காத்து வைக்கும் மாறி அது. இத்தகைய மாறியை நூல் அதுவரை காட்டவில்லை. அடுத்த பகுதியிலே, சொற்களை எண்ணும் செய்நிரலில், அது முதன்முறையாக அறிமுகமாகின்றது. பயிற்சியோடு ஒரு மாலைப்பொழுது மல்லுக்கட்டியவருக்கு அடுத்த பக்கம் தமது வினாவின் விடையாக வரும். பயிற்சியைத் தாவிச் சென்றவருக்கோ அது மற்றுமொரு தகவல். வரிசைமுறையின் இந்நுட்பமே 228 பக்கங்களை 1,000 பக்கங்களுக்கு ஈடாக்கியது.

இதற்கு எதிரான வாதமும் உண்டு. அது புறக்கணிக்கத் தக்கதன்று. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் சுவெல்லர், கிரஹாம் கூப்பர் ஆகியோர் அட்சரகணிதம் பயிலும் மாணவரிடையே நடத்திய பரிசோதனைகளை 1985இல் வெளியிட்டனர். தொடக்க நிலையில், பிரசினங்களைத் தாமே தீர்க்க விடப்பட்டவரிலும், தீர்த்துக்காட்டப்பட்ட உதாரணங்களைக் கற்றவர் அதேவகைப் பிரசினங்களில் மேம்பட்டு நின்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. வழி தேடுவதிலேயே மனவலு முழுவதும் செலவாகிவிட, வழியின் அமைப்பைக் கற்க எதுவும் மிஞ்சுவதில்லை என்பது சுவெல்லரின் விளக்கம். ஆகவே, மாலைப்பொழுது முழுவதும் மல்லுக்கட்டல் எல்லோருக்கும் நன்மை தரும் எனக் கூறிவிட முடியாது. ஏற்கெனவே சிறிது தெரிந்தவருக்கு நன்மை தருவது, எதுவும் தெரியாதவரை நூலை மூடிவைக்கச் செய்யலாம். கேர்னிகனும் றிச்சியும் தமது வாசகர் ஓரளவு அறிந்தவர் என்று முன்னுரையிற் கூறியதன் தாக்கம் இங்கே உணரப்படுகின்றது. 1989இல் மிச்செலின் சீயும் சக ஆய்வாளரும் பௌதிகம் பயில்வோரிடையே கண்ட மற்றோர் உண்மை, இவ்விரண்டுக்கும் இடைவழியொன்றைக் காட்டுகின்றது எனலாம். தீர்த்துக்காட்டப்பட்ட உதாரணத்தின் ஒவ்வொரு படியையும், 'இது ஏன் இங்கு வந்தது' எனத் தமக்குத் தாமே விளக்கிக்கொண்டவரே மிகுந்த பயன் பெற்றனர். நூலின் ஓரத்தில் தமிழிலேயே அவ்விளக்கத்தை எழுதிச் செல்லும் பழக்கத்தை நாம் பரிந்துரைப்போம். நூலகத்து நூலாயின், தனியொரு கொப்பியில்.

2022இன் பின்னர் உரையாடும் மென்பொருள்கள் பரவலாகிவிட்டமையால், அறிந்த நண்பரின் இடம் நிரப்பப்பட்டுவிட்டதே எனச் சிலர் கருதலாம். வழுச்செய்திக்குப் பொருள் கேட்க அவை பயன்படும் என்பதில் ஐயமில்லை. ஆயின் மனத்திலுள்ள படம் தவறானது என்பதை அறியாதவர் அதைப் பற்றிக் கேட்கமாட்டார். பயிற்சியின் விடையைக் கேட்டுப் பெற்றவர் அடுத்த பக்கத்துக்குரிய வினாவை இழந்துவிடுவார்.

இனி, நூல் எவருக்கு உரியது என்னும் விடயத்துக்கு வருவோம். மேற்குறித்த அதே நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்திலே, 1977அளவில், ஜோன் லயன்ஸ் என்னும் விரிவுரையாளர் யுனிக்ஸ் முறைமையின் ஆறாம் பதிப்பின் மூலச் செய்நிரலை, ஏறத்தாழ 9,000 வரிகளை, தமது மாணவருக்கென அச்சிட்டு, அதற்கு உரையும் எழுதினார். மூலமும் உரையும் இரு புத்தகங்களாக அமைந்தன. எமது உரையாசிரியர் மரபை அறிந்தவருக்கு இவ்வடிவம் புதியதன்று. மெய்யாகவே இயங்கும் பெரியதொரு செய்நிரலை ஆரம்பம் முதல் முடிவு வரை வாசித்தறியும் வாய்ப்பு மாணவருக்கு இவ்வாறு கிட்டியது. 1979இல் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பு வெளிவந்தபோது, மூலச் செய்நிரலை வகுப்பறையிற் கற்பித்தற்கு உரிமையாளரான ஏரி அண்ட் ரி நிறுவனத்தின் அனுமதிப்பத்திரம் தடை விதித்தது. லயன்ஸின் உரை பிரதியின் பிரதியாக, எழுத்துக்கள் மங்கிய போட்டோப் பிரதிகளாகப் பல நாடுகளிலும் உலாவியது. அது முறைப்படி நூலாக வெளிவர 1996 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அறிவை உடைமையாக்குவோர் முதலில் கைவைப்பது பாடநூலின்மீதே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 1999இல் அலன் டவுனி என்னும் அமெரிக்க விரிவுரையாளர், அறிமுக வகுப்பொன்றுக்கெனக் கிடைத்த நூல்கள் யாவும் அளவிற் பெருத்திருந்தமையால், நாளுக்கு ஓர் அத்தியாயமாக 13 நாட்களில் தாமே ஒரு சிறு நூலை எழுதினார். மாணவர் 50 பக்கங்களைப் படியாது விடுவதிலும் 10 பக்கங்களைப் படிப்பது மேல் என்பது அவர் கணக்கு. ஜாவா மொழிக்கென எழுதிய அந்நூலை எவரும் பிரதி செய்யவும் திருத்தவும் மொழிபெயர்க்கவும் இடமளிக்கும் கட்டற்ற அனுமதியோடு அவர் வெளியிட்டார். வேர்ஜினியா மாநிலத்துப் பாடசாலை ஆசிரியரான ஜெவ் எல்க்னர் அதனை எடுத்துப் பைதன் மொழிக்கு மாற்றி எழுதி, ஒரு பிரதியை டவுனிக்கு அனுப்பினார். பைதன் அறியாதிருந்த டவுனி, தமது நூலைத் தாமே படித்து அம்மொழியைக் கற்றுக்கொண்டார். காப்புரிமைக் கதவு பூட்டப்பட்டிருந்தால் இது நிகழ்ந்திராது.

தமிழில் இத்தகைய முயற்சி எவ்வடிவில் அமையவேண்டும் என்பது பற்றி இரு கருத்துக்கள் உள்ளன. செய்நிரல் மொழியையே தமிழாக்கிவிட வேண்டும் என்பது ஒன்று. தமிழ்ச் சொற்களாலேயே கட்டளைகள் அமைந்த 'எழில்' போன்ற மொழிகள் இந்நோக்கில் ஆக்கப்பட்டவை. அம்முயற்சி பாராட்டத் தக்கதே. ஆயினும் தடை எங்குள்ளது என்பதை அளந்து நோக்கவேண்டும். 1989இல் நியமமாக்கப்பட்ட சி மொழியில் உள்ள திறவுச்சொற்கள் 32 மட்டுமே. முப்பத்திரண்டு சொற்களை எம்மொழி மாணவரும் ஒரு வாரத்திற் பழகிவிடலாம். அவற்றைச் சூழ்ந்துள்ள விளக்கமே, அதாவது ஏன், எப்போது, எங்கே பிழைக்கும் என்னும் உரைநடையே, பாடசாலையில் விஞ்ஞானத்தையும் கணிதத்தையும் தமிழிற் கற்றுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறும் எமது மாணவரின் தடையாகும். எனவே திறவுச்சொற்களை உள்ளவாறே விட்டு, உரையைத் தமிழில் எழுதுவது முதற் பணி என்பது எமது நிலைப்பாடு. மாறி, அணி, சார்பு, தொகுப்பி முதலிய கலைச்சொற்கள் எமது பாடசாலை நூல்களில் ஏற்கெனவே வழங்குபவை. அவற்றை மேலும் மேலும் திருத்திக்கொண்டிருப்பதிலும், அவற்றைக் கொண்டு நூறு பக்கங்கள் எழுதுவதே இன்றைய தேவை.

ஆனால் அந்நூல் மொழிபெயர்ப்பாக மட்டும் அமையுமாயின், பரனைற் அட்டவணையும் அமெரிக்க உதாரணங்களுமே தமிழ் எழுத்தில் வந்துசேரும். எமது மொழி தானாகவே தரும் பயிற்சிகள் உள. கேர்னிகனும் றிச்சியும் தந்த எழுத்தெண்ணும் செய்நிரலை இன்றைய கணனியில் இயக்கி, அதற்குத் 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுத்துப் பார்க்கலாம். இலக்கணப்படி அச்சொல்லில் எழுத்துக்கள் மூன்று. செய்நிரல் கூறும் விடை 15. இறுதியில் வரி முடிப்பை இட்டிருந்தால் 16. யுனிகோட் முறையில் அச்சொல் த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பிரிந்து நிற்கின்றது. இன்று பெருவழக்கிலுள்ள யுரிஎவ்-8 குறிமுறையில் ஒவ்வொன்றும் மூன்று பைற்றுக்களைக் கொள்கின்றது. செய்நிரல் எண்ணுவது பைற்றுக்களை. ஆங்கில எழுத்துக்களைக் கொண்டு மட்டும் பயில்பவருக்கு இவ்வேறுபாடு புலப்படாமலே போகலாம். அங்கே எழுத்தும் குறியீடும் பைற்றும் ஒன்றாகவே இருந்துவிடுகின்றன. மூன்று என்னும் விடையைப் பெற, மூன்று மூன்று பைற்றுக்களாகச் சேர்த்து வாசித்து, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எண்ணாது விடவேண்டும். அதாவது, 'நாம் இப்போது எந்நிலையில் உள்ளோம்' என்பதைக் காக்கும் அதே மாறி இங்கும் தேவைப்படுகின்றது. 'கொ' என்பதன் கொம்பும் காலும் கண்ணுக்கு இரண்டாகத் தெரியினும் ஒரே குறியீடாக வரலாம், அல்லது இரண்டாகப் பிரிந்தும் வரலாம். மேற்கூறிய முறையில் இரண்டுக்கும் விடை ஒன்றே. 'க்ஷ' என்பதோ க, புள்ளி, ஷ என மூன்று குறியீடுகளாக நிற்பது. புள்ளியை நீக்க எஞ்சுவன இரண்டு. அதனை ஓரெழுத்தென்பதா ஈரெழுத்தென்பதா என்பதை நூலும் கூறாது, கணனியும் கூறாது. செய்நிரலை எழுதுபவரே தீர்மானித்து, அதற்கென ஒரு நிபந்தனையைச் சேர்க்கவேண்டும்.